இரண்டாவது பிரதி

அத்தியாயம் 6

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் திரும்பியதும் இளமாறன் வண்டியை நிறுத்தி, கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டான். முகவரி விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாத முதல் கேஸ் இதுதான் என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஹில்டாவிடம் சொன்னான். மீன் அந்த அளவுக்குக் கெட்டிருந்தது.

ஹில்டா மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிறுவனம் நடத்திவந்தாள். வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன கம்பெனியில்தான் வேலை செய்கிறானா என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. இளமாறன் அவளுடைய உதவியாளன். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். தாம்பரம் முதல் வேளச்சேரி வரை எந்தச் சந்து எங்கே முட்டும் என்று அவனுக்குத் தெரியும். யார் பேசினாலும் நடுவில் ஏறிக்கொள்ளும் வழக்கமும் அந்தத் தொழிலில் வந்ததுதான்.

இந்த முறை அழைத்தவர் தசரதன். ஏரிக்கரையில் இருந்த மீன் குளிர்கிடங்கின் மேனேஜர். ஆயுத பூஜை விடுமுறையில் மூன்றாவது அறை சூடேறி, கோவளம் பக்கத்து மீன்காரப் பெண்கள் இறக்கி வைத்திருந்த வஞ்சிரம் முழுவதும் வீணாகிவிட்டது. சூடேறினால் அலறவேண்டிய அலாரத்தை வெள்ளிக்கிழமை மதியமே யாரோ நிறுத்தியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்கு முன் தெருவுக்குத் தெரிந்திருந்தது.

இன்ஷூரன்ஸ்காரர்கள் வெளியாள் ஒருவரின் விசாரணை அறிக்கை கேட்டார்கள். தசரதனைப் பொறுத்தவரை விசாரணை முடிந்துவிட்டது. அறிக்கை மட்டும்தான் பாக்கி.

அவர் ஒரு தாளை மேசைமேல் நகர்த்தினார். கிடங்கின் கம்ப்யூட்டர், நடப்பதையெல்லாம் ஒரு ஃபைலில் குறித்து வைக்கும். அந்த ஃபைலிலிருந்து ஒரே ஒரு வரியை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் தேய்த்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை இளமாறனுக்காகத் தமிழில் படித்தார். வெள்ளி, 15:42. அலாரம் நிறுத்தம். அறை 7. நிறுத்தியவர் வெண்ணிலா.

வெண்ணிலா அதே அறையில் கதவோரம் நின்றிருந்தாள். கிடங்கின் புரோகிராம்களை எழுதியவள் அவள்தான். இருபத்தைந்து வயது இருக்கும். செவ்வாய் காலையிலிருந்து அவளைக் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. மேசையில் அவள் பெயரில் டைப் செய்த கடிதம் ஒன்று காத்திருந்தது. அலாரத்தை நான்தான் நிறுத்தினேன், மறந்துவிட்டேன், வேலையிலிருந்து விலகுகிறேன். ஆறு மணிக்குள் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் போலீஸ். அப்போது மணி மூன்றரை.

ஹில்டா அவளைப் பார்த்தாள். வெண்ணிலா தரையைப் பார்த்தபடி, வெள்ளிக்கிழமை ஆபீஸ் பூஜைக்காக எல்லாரையும் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வரச் சொன்னார்கள், நானும் மூன்று மணிக்கே லாக் அவுட் செய்துவிட்டேன் என்றாள்.

"மெஷின் பொய் சொல்லாது மேடம்," என்றார் தசரதன்.

ஹில்டா தாளை மறுபடி பார்த்தாள். "இங்க மொத்தம் எத்தனை அறை சார்?"

"நாலு."

"அப்போ ஏழாவது அறை?"

தசரதன் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். மூன்று நாளாக அவர் அந்த வரியைப் படித்திருக்கிறார். ஏழு இப்போதுதான் கண்ணில் பட்டது. ஏதோ டைப்பிங் மிஸ்டேக் என்றார்.

"பரவால்ல சார்," என்றான் இளமாறன். "ரூம் நம்பர்லதான் தப்பு பண்ணுது. ஆள் பேர்ல கரெக்டா கீது."

ஹில்டா வெண்ணிலாவிடம் கேட்டாள், இந்த வரி ஃபைலைத் தவிர வேறு எங்காவது போகுமா என்று. போகும். ஒவ்வொரு செய்தியும் இரண்டு பிரதி. முதல் பிரதி கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பிரின்டருக்கு. இரண்டாவது பிரதி ஃபைலுக்கு. காகிதத்தில் இருந்தால்தான் நம்புவோம் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் எப்போதோ சொன்னதால் அந்தப் பிரின்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பிரின்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. இரண்டு ஓரமும் துளையிட்ட நீளக் காகிதம் அதிலிருந்து மடிந்து மடிந்து விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அது வெள்ளி மாலை ஐந்து மணியிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தியதை யாரோ கிழித்திருந்தார்கள். குப்பைக்குப் போயிருக்கும் என்றார் தசரதன்.

ஹில்டா காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. "குப்பைக்குப் போயிருக்காது," என்றாள்.

தாம்பரத்தைச் சுற்றிப் பத்து மைலுக்கு, ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் காகிதத்தைத் தூக்கி எறிந்தவர் யாரும் கிடையாது. அதற்கு ஒன்சைடு பேப்பர் என்று பெயர். ஆபீஸில் அதற்கென்று ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அவருக்காக எடுத்தும் வைப்பார்கள். இங்கே ஒன்சைடு பேப்பர் யாருக்கு என்று ஹில்டா கேட்டாள்.

வெண்ணிலாவுக்கு உடனே தெரிந்தது. ஸ்டோர்ஸில் இருக்கும் பாலாம்பாள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த வாரத்துக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போவார். செம்பாக்கத்தில் டியூஷன் எடுக்கிறார். இன்று அரை நாள் லீவு.

தசரதன் கையை விரித்தார். தாராளமாகப் போகலாம், ஆறு மணி என்பது ஆறு மணிதான் என்றார். வெண்ணிலா மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றவரிடம், அந்தக் காகிதத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்றாள் ஹில்டா.

தாம்பரம் சப்வேயில் கால் மணி நேரம் போனது. வெண்ணிலா தன் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்றபோது இளமாறன் அவளிடம், ஓடிப் போகிற எண்ணம் இருந்தால் கேம்ப் ரோடு பக்கம் போகவேண்டாம், அங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று எச்சரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பாலாம்பாளின் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஹில்டாவைத் தனியாக அழைத்துப்போய், பேப்பர் எடுத்தது திருட்டுக் கணக்கில் வருமா என்று கேட்டார். பத்து வருஷமா எடுக்கறேன், எல்லாருக்கும் தெரியும், தசரதன் சாரே ஒருதடவை கட்டித் தந்திருக்கார் என்றார்.

வராது என்று ஹில்டா சொன்னபிறகுதான் பீரோ திறந்தது. ஞாயிறு சரஸ்வதி பூஜை, புத்தகத்தைத் தொடக்கூடாது. திங்கள் விஜயதசமி, தொட்டே ஆகவேண்டும். அதனால் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக் காகிதம் முழுவதும் விடைத்தாளாகியிருந்தது. திருத்தி முடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தாளையும் பாதியாக வேறு வெட்டியிருந்தார், சிக்கனத்துக்காக.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். ஹில்டா நேரத்தைப் பார்த்தாள். வெண்ணிலா செய்திகளைப் பார்த்தாள். இளமாறன் மார்க்கைப் பார்த்தான்.

"மேடம், இத்தப் பாருங்க. நாலும் நாலும் ஏழுன்னு போட்டிருக்கான். மெஷினும் இங்கதான் டியூஷன் வருது போல."

நாற்பத்தாறாவது தாளின் பின்பக்கத்தில் வெள்ளி 15:42 இருந்தது. ரிப்பன் தேய்ந்திருந்ததால் எழுத்து சாம்பலாக விழுந்திருந்தது. அலாரம் நிறுத்தம். அறை 3. நிறுத்தியவர், அதற்குப் பிறகு பிராக்கெட்டுக்குள் நாலே ஆங்கில எழுத்து. என். அடுத்தது பாதிதான் விழுந்திருந்தது, யு ஆகவும் இருக்கலாம், ஏ ஆகவும் இருக்கலாம். பிறகு இரண்டு எல்.

"நல்லு," என்று படித்தான் இளமாறன். "ரெண்டு பக்கமும் கம்பி வேற போட்டிருக்கு. ஆள் ஏற்கெனவே உள்ளதான் கீறான் மேடம்."

வெண்ணிலா அந்தத் தாளையும் மஞ்சள் மார்க்கர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே நேரம். ஒரே செய்தி. ஒன்றில் அறை 3, மற்றதில் அறை 7. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காதுவரை சிவந்தாள்.

"இது என் தப்பு மேடம்."

இளமாறன் ஹில்டாவைப் பார்த்தான். இவ்வளவு தூரம் பெட்ரோல் செலவழித்து ஆளைக் காப்பாற்ற வந்தால், ஆளே ஒப்புக்கொள்கிறாளே என்பதுபோல.

அவள் சொன்னது இதுதான். செய்திகளை எழுதுவதற்குப் புரோகிராமுக்குள் ஃபங்ஷன் என்று ஒரு சின்னப் பகுதி வைத்திருந்தாள். செய்திக்குப் பின்னால் அறை எண், பெயர், வெப்பம் என்று எத்தனை விவரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எத்தனை என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் வரிசையில் இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்ட ஒரு விரல்போல ஒன்று நகர்ந்துகொண்டே போகும். முதல் பிரதி அச்சாகி முடியும்போது விரல் கடைசி விவரத்தைத் தாண்டி நிற்கும். இரண்டாவது பிரதிக்கு அதை மறுபடி முதலிலிருந்து தொடங்கி விடவேண்டும். அவள் விடவில்லை. விட்ட இடத்திலிருந்தே இரண்டாவது பிரதி படிக்கத் தொடங்கிவிட்டது. அங்கே மெஷினின் நினைவில் என்ன கிடந்ததோ அதை எடுத்து அறை எண் என்றும் பெயர் என்றும் எழுதிவிட்டது.

பாலாம்பாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்ததுபோலத் தலையாட்டினார். இளமாறனுக்குப் புரிந்தது.

"கல்யாணப் பந்தி மேடம். ஒருத்தன் சாம்பார் வாளியோட போறான். கடைசி இலை வரைக்கும் ஊத்திட்டான். இன்னொரு ரவுண்டு வாப்பான்னா, மொத இலைக்குத் திரும்பாம நேரா பக்கத்து மண்டபத்துல பூந்து ஊத்திகினு கீறான்."

வெண்ணிலா யோசித்துவிட்டு, சரிதான் என்றாள்.

"அப்போ உம் பேர் எப்டி வந்துச்சு?"

"பக்கத்து மண்டபத்துல கடைசியா சாப்பிட்டது நான்தான்."

பூஜைக்கு முன்னால் கடைசியாக லாக் அவுட் செய்தது அவள். அவள் பெயர் நினைவின் ஒரு மூலையில் அப்படியே கிடந்திருக்கிறது. பழைய மெஷினில் மூன்று வருஷம் இதே ஃபங்ஷன் சரியாக ஓடியது. அங்கே ஒவ்வொரு பிரதிக்கும் புது ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலையிலிருந்து வருவான். இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய அறுபத்துநாலு பிட் மெஷினில் ஒரே ஆள். அன்றிலிருந்து ஃபைலில் இருக்கிற எந்தப் பெயரும் நிச்சயமில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. ஏதாவது கெட்டால் ஒழிய அந்த ஃபைலை யாரும் படிப்பதில்லை.

"சரி, இந்த நல்லு யாரு?" என்றாள் ஹில்டா.

"அது யாருடைய பேரும் இல்ல மேடம். நல். பேர் கொடுக்க வேண்டிய இடத்துல எதுவும் கொடுக்கலைன்னா மெஷின் அப்படித்தான் போடும். அந்த நேரத்துல யாரும் லாக் இன் பண்ணலைன்னு அர்த்தம்."

உள்ளே பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். லாக் இன் செய்யாமல் அலாரத்தை நிறுத்த வழி உண்டா என்று ஹில்டா கேட்டாள். உண்டு. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அறைக்கு ஒன்றாக நாலு சாவிப் பூட்டு இருக்கிறது. சாவி யாரிடம் என்பதை வெண்ணிலா சொல்லத் தயங்கினாள். ஹில்டாவும் வற்புறுத்தவில்லை. செல்போனை எடுத்து தசரதனை அழைத்தாள்.

காகிதம் கிடைத்துவிட்டது என்றாள். அதில் வெண்ணிலா பெயர் இல்லை. எழுத்து தேய்ந்திருக்கிறது. முதல் எழுத்து என், கொஞ்சம் தள்ளி இரண்டு எல் என்று மட்டும் சொன்னாள்.



"நல்லுசாமி," என்றார் தசரதன். "நம்ம எலக்ட்ரீஷியன். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

ஹில்டா நன்றி சொல்லி போனை வைத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஆறுக்குப் பத்து நிமிஷம். மேசைமேல் கடிதம் மாறியிருந்தது. அதே வாசகம், அதே தேதி. கீழே பெயர் மட்டும் நல்லுசாமி. வெண்ணிலாவிடம் தசரதன் பெருந்தன்மையாகச் சிரித்தார். நாளை முதல் அவள் கம்ப்யூட்டரைத் தொடலாம் என்றார்.

ஹில்டா உட்காரவில்லை. அந்தக் காகிதத்தில் இருப்பது பெயரே இல்லை என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். பிறகு, பலகையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். எல்லாரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள்.

பலகையில் நாலு பூட்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின்மேலும் பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு. தாராளமான பொட்டு. பாதி பலகைத் தகட்டிலும் பாதி சாவி திரும்பும் வட்டத்திலும் படிந்து காய்ந்திருந்தது. ஒன்று, இரண்டு, நாலாவது பூட்டுகளில் பொட்டு முழு நிலவாக இருந்தது. மூன்றாவதில் இல்லை. மேல் பாதி தகட்டில் இருந்தது. கீழ் பாதி கால் சுற்று தள்ளிப் பக்கவாட்டில் இருந்தது.

"பொட்டு வைக்கும்போது இந்தப் பூட்டு மட்டும் திரும்பியிருந்திருக்கு," என்றாள் ஹில்டா. "பிறகு யாரோ சரியான நிலைக்குத் திருப்பியிருக்காங்க. சாவி யார்கிட்ட சார்?"

சாவிக்கொத்து தசரதனின் இடுப்பில் தொங்கியது. அதை எல்லாரும் பார்த்தார்கள், அவரைத் தவிர.

"பொட்டு வெச்சதும் சார்தான்," என்றான் இளமாறன். "உள்ள வரும்போது வாட்ச்மேன் சொன்னாரு. தட்டை யார்கிட்டயும் குடுக்கல, ஒவ்வொண்ணுக்கும் கையால வெச்சாருன்னு. நல்ல பக்தி."

தசரதன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுக்க முயன்றார், பாதியில் விட்டுவிட்டார். பெரிய அறை என்பதால் பூஜை மூன்றாவது அறை வாசலில்தான் நடந்தது. கற்பூர ஆரத்திக்குக் கதவைத் திறந்து வைக்கவேண்டும். கதவு திறந்திருந்தால் அலாரம் அடிக்கும், மந்திரம் காதில் விழாது. அதனால் முன்கூட்டியே சாவியைத் திருப்பினார். பிறகு பொரி கடலை, பிறகு விடுமுறை. கதவு சரியாகச் சாத்தாததை யாரும் பார்க்கவில்லை, சொல்லவேண்டிய அலாரத்தை அவர் ஊமையாக்கியிருந்தார். இயந்திரங்களைக் கும்பிடுவதற்காக ஓர் இயந்திரத்தின் வாயை அடைத்தார். செவ்வாய் காலை முதலில் வந்தவர் அவர்தான். சாவியைத் திருப்பிவிட்டு, தன் பெயர் விழுந்திருக்கிறதா என்று ஃபைலைத் திறந்தார். அதில் வேறொரு பெயர் இருந்தது.

"மெஷினே குடுத்தது மேடம். நானா எழுதலை," என்றார்.

பிறகு ஒரு யோசனை சொன்னார். கெட்டது கெட்டுவிட்டது. அறிக்கையில் தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டுவிடலாம். பொய்யும் இல்லையே, இந்தப் பெண் எழுதிய ஃபங்ஷன் தப்புத்தானே. யாருக்கும் வேலை போகாது. வெண்ணிலாவுக்கும் சரி, நல்லுசாமிக்கும் சரி.

நியாயமாகத்தான் ஒலித்தது. ஹில்டா வெண்ணிலாவைப் பார்த்தாள். கேள்வி அவளுடையது. கோளாறு என்று எழுதினால் அவள் வேலையில் இருப்பாள். ஆனால் கோவளத்துப் பெண்கள் கேட்கும்போதெல்லாம் எல்லாரும் கைகாட்டப் போவது அவளுடைய ஃபங்ஷனைத்தான்.

வெண்ணிலா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். குரல் உயரவில்லை.

"என் தப்பை நான் எழுதித் தரேன் சார். உங்க தப்பை நீங்க எழுதுங்க."

அவள் அங்கேயே நின்றபடி எழுதினாள். நாலு வரி. எந்த ஃபங்ஷன், என்ன பிழை, எந்தத் தேதியிலிருந்து, எப்படித் திருத்தவேண்டும். அலாரத்துக்கும் அந்தப் பிழைக்கும் தொடர்பில்லை என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள். கீழே கையெழுத்துப் போட்டு ஹில்டாவிடம் கொடுத்தாள்.

தசரதனுக்கு நேரம் பிடித்தது. மூன்று தாளைக் கசக்கினார். கடைசியில் ஒன்றை நீட்டினார். ஹில்டா அதைப் படித்துவிட்டு வெண்ணிலாவிடம் தந்தாள்.

ஆயுத பூஜையை முன்னிட்டு மூன்றாவது அறையின் அலாரச் சாவி திருப்பப்பட்டது. மீண்டும் திருப்ப மறக்கப்பட்டது. செவ்வாயன்று சரிசெய்யப்பட்டது.

வெண்ணிலா இரண்டு தடவை படித்தாள். இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிப்பது அவளுக்கு இப்போது கைவந்திருந்தது. தாளைத் திருப்பி அவர்முன் வைத்து, முதல் வாக்கியத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஒரு பேர் குறையுது சார்."

தசரதன் பேனா மூடியை மறுபடி திறந்தார்.